சீட்டுக்குத் திறக்கும் கடல்

பாம்பனைச் சுற்றிய கடலில் இன்று இரு வகையினர் முங்குகிறார்கள். ஒரு வகையினர் சின்னப்பாலம் முதலான மீனவ ஊர்களின் பெண்கள். பாறையின் கூர் கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் சட்டையை மாட்டி, ஒரு நீச்சல் கண்ணாடியை மட்டும் துணையாகக் கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள். பாசியைப் பிடுங்கி இடுப்பில் கட்டிய பையில் திணித்து மேலே வருவார்கள். மறுபடி இறங்குவார்கள். இன்னொரு வகையினர் காலையில் வேனில் வந்திறங்கி மாலையில் ஊர் திரும்பும் நம்மைப் போன்றவர்கள். கட்டணம் செலுத்தி, மிதவைச் சட்டையும் மூச்சுக்குழாயும் பூட்டிக்கொண்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்தபடி பவளப்பாறை பார்க்க இறங்குகிறவர்கள்.

முதல் வகையினர் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் பாசி எடுத்தால் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். இரண்டாம் வகையினருக்கோ அதே பூங்காவைச் சேர்ந்த குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. அந்தக் கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு விலக்கு. அதை ஒரு பகல் பார்க்க வந்தவர்களுக்கு வரவேற்பு. இந்த ஏற்பாடு அநீதியானது என்பதே நம் தீர்ப்பு. அதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறோம்.

காட்டுமன்னார்கோயிலில் இருந்துகொண்டு ராமநாதபுரத்துக் கடலைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நம் கரையில் பவளம் இல்லை. கொள்ளிடமும் வெள்ளாறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் இடத்தில் அது வளராது. அதற்குக் கலங்காத உப்புநீரும் தடையில்லாத வெயிலும் வேண்டும். ஆனால் ராமேஸ்வரம் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் வேன் பிடித்துப் போய், அக்னி தீர்த்தத்தில் முழுகி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி வருவது தலைமுறை வழக்கம். இப்போது அந்தப் பயணத்தோடு கண்ணாடிப் படகும், குருசடையும், பிரப்பன்வலசைப் பக்கத்து ஸ்நார்கெலிங்கும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சீட்டை வாங்கும் பணத்தில் நம் பணமும் இருக்கிறது. ஆகவே அங்கே நடக்கும் நியாய அநியாயத்திலும் நமக்குப் பங்கு உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வீராணத்தின் கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கதை புரியும். 2004 முதல் நம் ஏரியின் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை இந்த மண் எதிர்க்காது. ஏரியில் எவ்வளவு நிறுத்துவது, எப்போது மதகு திறப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் பாசனக்காரரின் குரல் கடைசியாகக் கேட்கப்படுகிறது என்பதே நம் நெடுநாள் வருத்தம். வளத்தின் பக்கத்தில் இருப்பவரை ஒதுக்கிவிட்டு, தொலைவில் இருப்பவருக்காக அந்த வளத்தை நிர்வாகம் செய்வது எப்படிப்பட்டது என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே செயல் பாம்பனில் நடக்கும்போது நாம் சீட்டு வாங்கும் பக்கம் நிற்கிறோம். நமக்கு நேர்ந்தால் அநீதி, பிறருக்கு நேர்ந்தால் சுற்றுலா என்று கணக்கு வைக்க முடியாது.

மன்னார் வளைகுடாவின் பவளம் இன்றைய நிலைக்கு வந்த வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். உலகின் முதல் பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்கு எங்கே நடந்தது தெரியுமா? 1969இல், நம் மண்டபம் முகாமில். இந்தியக் கடல் உயிரியல் சங்கம் கூட்டிய அந்த அவையில் பல நாட்டு அறிஞர்கள் உட்கார்ந்து பவளத்தின் அருமையைப் பேசினார்கள். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1927இல், சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டிருந்தது. அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த 1960களிலும் 70களிலும் அதே கடலிலிருந்து முருகைக்கல் படகு படகாக வெட்டி எடுக்கப்பட்டுச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. கல்லை எடுத்தவர்கள் ஏழைகள். அதை வாங்கிய தொழில்கள் பெரியவை. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவுகளின் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2015இல் ஒன்றரை ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

1986இல் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989இல் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன; புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில், சுனாமிக்குப் பிறகு ஏற்பட்ட விழிப்பும் சேர்ந்து, கல் எடுப்பது நின்றது. இவை தேவையான செயல்கள். அவற்றைச் செய்த அதிகாரிகளையும், துண்டு துண்டாக உடைந்த பவளத்தைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி 2002 முதல் மறுநடவு செய்துவரும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் நன்றியோடு நினைக்கிறோம். பூங்கா வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. பூங்காவின் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே கேள்வி.

சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, காப்பிடங்களுக்குள் நுழைய எந்தெந்த நோக்கத்துக்கு அனுமதி தரலாம் என்று வரிசைப்படுத்துகிறது. வனவுயிர்களை ஆராய்வது, படம் எடுப்பது, அறிவியல் ஆய்வு, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான தொழில் செய்வது. இதே பிரிவு தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். அந்த வரிசையில் சுற்றுலாவுக்குப் பெயர் சொல்லி இடம் இருக்கிறது. தாயும் பாட்டியும் பாசி எடுத்த அதே பாறையில் பாசி எடுக்க வரும் பெண்ணுக்கு இடம் இல்லை. எதையும் எடுத்துச் செல்லாத பார்வையாளருக்கும், வளத்தை எடுத்துச் செல்பவருக்கும் ஒரே விதி பொருந்தாது என்று சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். பவளத்தைக் கெடுப்பது கையில் எடுத்துச் செல்வது மட்டும்தானா என்று பார்த்தால் அந்த நியாயம் நிற்காது.

இந்தப் பெண்கள் எடுப்பது பவளத்தை அல்ல, பாசியை. மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்லும் சிவப்புப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். அது மருந்துக்கும் இனிப்புக்கும் ஆய்வகத்துக்கும் போகிறது. அந்தப் பருவம் முடிந்ததும் கட்டக்கோரை. அதிலிருந்து வரும் ஆல்ஜினேட் நெசவு முதல் ஐஸ்கிரீம் வரை பல தொழில்களுக்கு வேண்டும். நாம் அன்றாடம் தொடும் பொருட்களில் அவர்கள் அடக்கிய மூச்சு கலந்திருக்கிறது. கல் வெட்டியவர்களுக்காக எழுதப்பட்ட தடையின் கனம் கடைசியில் வந்து விழுந்தது இவர்கள் தலையில்தான்.

இவர்களாலும் பாறைக்குச் சேதம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தாழ்ந்த நீரில் பவளத்தின் மேல் கால் ஊன்றி நிற்பதும், பாசி ஒட்டியிருக்கும் கல்லைப் புரட்டிப் போடுவதும் நடந்திருக்கின்றன. வனத்துறையின் கவலை கற்பனை அல்ல. ஆனால் அந்தக் கவலைக்கு முதலில் பதில் சொன்னவர்களும் இந்தப் பெண்கள்தான். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசிக்குப் போவது, சுரண்டும் கருவி தொடாமல் கையால் எடுப்பது, மீன்களின் இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். பெண்களை ஊர் ஊராகத் திரட்டி இந்த ஒழுங்கைக் கொண்டுவந்ததில் முன்னின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டின் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் அமைப்பு தரும் விருது அது. கடல் கடந்து ஒருவர் இந்தப் பெண்ணைக் காவலர் என்று அடையாளம் கண்டார். லட்சுமியின் ஊர்க்கடலின் நிர்வாகமோ அவரையும் அவர் தோழியரையும் இன்னும் அத்துமீறுகிறவர்களாகவே பார்க்கிறது. இந்த முரணுக்கு எந்த அதிகாரியிடமும் நேர்மையான விளக்கம் இருக்க முடியாது.

இப்போது சுற்றுலாக்காரரின் பக்கம் வருவோம். பவளம் பாறை அல்ல. பாறை கட்டும் உயிர். குண்டூசித் தலையளவிலிருந்து வளரும் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. நிறமும் அவை தருவதே. கிளை கிளையாக வளரும் மான்கொம்புப் பவளம் நல்ல ஆண்டில் 10 சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். திரண்டு உருண்டு வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நீந்தத் தெரியாத ஒருவர் பதற்றத்தில் காலை உதறி ஒரு கொம்பை ஒடித்தால், அவர் பிள்ளை பள்ளி முடிக்கும் காலம் வரை அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம். காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்பு கிளப்பும் மணல் பவளத்தின் மேல் படிந்து மூச்சை அடைக்கும். நங்கூரம் வீசினால் சொல்லவே வேண்டாம். தோல் கருக்காமலிருக்கப் பூசும் சன்ஸ்கிரீனில் உள்ள சில வேதிப்பொருட்கள் பவளத்துக்கு ஆகாது என்று பலாவ் தீவு நாடு 2020 முதலும் ஹவாய் மாநிலம் 2021 முதலும் அவற்றை விற்கவே தடை போட்டிருக்கின்றன.

இது எங்கோ நடப்பதல்ல. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆனது. கரையிலிருந்து படகில் சில நிமிடங்களில் போய்விடலாம். இடுப்பளவு நீரிலேயே பவளம் தெரியும். அந்த எளிமையே அதற்குக் கேடாயிற்று. போரின் முடிவுக்குப் பிறகு பெருகிய கூட்டத்தின் கால்கள் பவளத்தின் மேலேயே நடந்து தேய்த்தன. தென்னிலங்கையின் ஹிக்கடுவையில் கண்ணாடிப் படகுகளின் அடிப்பாகமே ஆழமில்லாத பாறைகளை உரசிக் கெடுத்த வரலாறு உண்டு. தாய்லாந்தில் மாயா குடாவுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்தார்கள். 2018இல் அந்த அரசு குடாவை மூடியது. 2022இல் திறந்தபோது படகுகள் உள்ளே வரக் கூடாது, நீரில் நீந்தக் கூடாது என்று விதித்தது. சுற்றுலாவையே பெரும் வருமானமாக நம்பியிருக்கும் ஒரு நாடு அந்த முடிவை எடுத்தது. நாம் எடுக்கத் தயங்குவதற்கு என்ன காரணம் சொல்லப்போகிறோம்?

நம் தீர்ப்பின் மையமான இடத்துக்கு வருகிறோம். மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறும் காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். உடனே செத்துவிடாது, பட்டினியாகக் கிடக்கும். சூடு தணிந்தால் மீளும், தணியாவிட்டால் சாகும். 1998இல் இப்படி ஒரு பெருங்கேடு வந்தது. 2010இல் வந்தது. 2016இல் வந்தபோது, நூற்றுக்கு 39 அளவில் இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23க்குக் குறைந்தது. 2024 ஏப்ரலில் உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனம் அறிவித்தது. ஆக, சித்திரை வைகாசி மாதங்களில் அந்தக் கடலடியில் கிடப்பது நோயாளி.

அந்த மாதங்களில் யார் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையின் விசைப்படகுகள் கரையேறிவிடுகின்றன. கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலிலும் நாம் அதைக் கண்ணால் பார்க்கிறோம். நிவாரணத் தொகை போதாமல் கடன் வாங்கிக் குடும்பம் நடத்தியபடியே மீனவர் அந்தத் தடையை மதிக்கிறார். பாசி எடுக்கும் பெண்களும் ஓய்வு விடுகிறார்கள். பள்ளி விடுமுறை விட்டு ராமேஸ்வரத்தில் கூட்டம் குவிவது இதே நாட்களில்தான். பிழைப்புக்காகக் கடலில் இறங்குகிறவர்கள் கடலின் நலனுக்காக இறங்காமல் இருக்கும்போது, பொழுதுபோக்குக்காக இறங்குகிறவர்களுக்கு மட்டும் தடைக்காலம் என்று ஒன்று ஏன் இல்லை? மீனுக்குத் தடைக்காலம் வகுக்கத் தெரிந்த அரசுக்குப் பவளத்துக்கு வகுப்பது கடினமா? 2016இல் வெளுப்பு கண்டதும் தாய்லாந்து பத்து முங்குமிடங்களையாவது மூடியது. இங்கே அப்படி ஒரு விதியை எழுத ஓர் அரசாணை போதும். அந்த மூன்று மாதம் பவளத்தின் மேல் ஒரு சுற்றுலாக் காலும் படக் கூடாது. பூங்காவுக்கு உள்ளே வனத்துறை நடத்தும் பயணமானாலும், வெளியே பாக் நீரிணைப் பக்கம் தனியார் நடத்தும் ஸ்நார்கெலிங் ஆனாலும் விதி ஒன்றாக இருக்க வேண்டும். பவளத்துக்கு எல்லைக்கல் தெரியாது.

சுற்றுலாவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரு குழந்தை முகமூடிக் கண்ணாடி வழியே முதன்முதலாகக் கிளிமீனையும் கடல்வெள்ளரியையும் பவளக்கிளையையும் பார்க்கும் நிமிடத்தின் மதிப்பை நாம் அறிவோம். பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கமும் அதைத் தராது. நமக்கு அருகே பரங்கிப்பேட்டையில் ஆர்.வி. சேஷய்யா வளர்த்தெடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் இந்தியக் கரையெங்கும் பவளத்தையும் அலையாத்தியையும் ஆராய்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தூண்டுகோல் கடலை நேரில் பார்த்ததாகத்தான் இருக்கும். பார்த்தால்தான் அன்பு வரும், அன்பு வந்தால்தான் காக்கத் தோன்றும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த வாதம் நிறைவேற, காட்டுகிறவர் கடலை அறிந்தவராக இருக்க வேண்டும். கட்டணம் வாங்கிக் கையைப் பிடித்து நீருக்குள் தள்ளி, கைப்பேசியில் படம் எடுத்துக் கொடுத்து மேலே ஏற்றிவிடும் பயணத்தில் யாருக்கும் எந்த அன்பும் வராது.

அறிந்தவர் யார்? எந்தக் காற்றில் நீர் தெளியும், எந்த நீரோட்டம் எந்தப் பாறையை ஒட்டி இழுக்கும், எந்தக் கல்லின் அடியில் என்ன ஒளிந்திருக்கும் என்பதைச் சின்னப்பாலத்துப் பெண் சிறுமியாக இருந்தபோதே கற்றவள். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்த பிறகும் அந்தக் கலையைச் சங்கில் காத்து வருகிறவர்கள் அவர்கள். இந்த நாட்டில் கடலடியை இவர்களை விட அறிந்தவர் எவர்? பவளம் காட்டும் வேலை இவர்களுக்கு உரியது. உதவியாளாக, படகு கழுவும் கூலியாக என்று அல்ல. வழிகாட்டியாக, பங்குதாரராக, நடத்துபவராக. முறையான மூழ்கு பயிற்சியும் முதலுதவியும் காப்பீடும் தந்து, உரிமத்தை அவர்கள் கூட்டமைப்பின் பெயரில் கொடுக்க வேண்டும்.

இது நடவாத கனவும் அல்ல. தொண்டிக்கு அருகே காரங்காட்டில், அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டும் பயணத்தை வனத்துறை அவ்வூர் மக்களைக் கொண்டே நடத்துகிறது. படகோட்டுவதும் விருந்தினருக்குச் சமைத்துப் போடுவதும் ஊரார். அதே ராமநாதபுரம் மாவட்டம், அதே துறை. காரங்காட்டில் முடிந்தது சின்னப்பாலத்தில் முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. குருசடைப் பயணத்தின் வருமானத்தில் எவ்வளவு எந்த ஊருக்குப் போகிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் அந்தந்த ஊர் கிராமசபையில் படிக்க வேண்டும். அது சலுகை அல்ல, கடமை.

அதோடு பாசியின் கேள்வியையும் ஒத்திப்போடக் கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்வோருக்கு மீன் முதலான நீர்வளங்களின் மீதும் சமூக உரிமை உண்டு என்கிறது. அந்தச் சட்டத்தின் வரையறையில் வனநிலம் என்பது தேசியப் பூங்காவையும் உள்ளடக்கியது. மலையில் தேன் எடுப்பவருக்குப் பொருந்தும் சட்டம் கடலில் பாசி எடுப்பவருக்குப் பொருந்தாது என்றால், அது கடலைக் காடாக எண்ணித் தடை மட்டும் போட்டு, உரிமை என்று வரும்போது காடல்ல என்று கைவிரிப்பதாகும். எத்தனை நாள், எந்தப் பகுதி, எந்தப் பாசி என்பதைப் பெண்களும் ஆய்வாளர்களும் வனத்துறையும் ஒன்றாக உட்கார்ந்து எழுதட்டும். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்ற விதி பாசிக்காரிக்கும் சீட்டுக்காரருக்கும் ஒரே வரியில் இருக்கட்டும். மீறினால் தண்டனையும் ஒன்றாகவே இருக்கட்டும்.

நம் வாசலையும் கவனிக்க வேண்டும். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலம் ஆனது. 2004 சுனாமியில் அந்த அலையாத்திக் காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதைக் கடலூர் மாவட்டமே பார்த்தது. அறிவியல் ஏடுகள் எழுதின. அந்தக் காடு அழிந்துகொண்டிருந்த நாட்களில் சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளூர் மக்களைச் சேர்த்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீரை உள்ளே விட்டுச் செடியை மறுபடி தழைக்க வைத்தது. அந்த ஓடைகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சுற்றுலாப் படகு பெருகப் பெருக அவர்கள் பிடிக்கும் ஓடை சுருங்கக் கூடாது. பாம்பனில் எது அநீதி என்று சொன்னோமோ, அது பிச்சாவரத்தில் தலைகாட்டினாலும் நாம் இதே குரலில் சொல்வோம்.

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியரையும் மன்னார் வளைகுடா வனஉயிரினக் காப்பாளரையும் தமிழக அரசையும் கேட்கிறோம்: அடுத்த கோடைக்கு முன் பவளத்துக்குத் தடைக்காலம் அறிவியுங்கள். கடலை அறிந்த பெண்களின் கையில் அந்தப் பயணத்தைக் கொடுங்கள். அவர்களின் பாசி உரிமையை எழுத்தில் தாருங்கள்.

வாசகர்களிடம் கேட்பது இதைவிட எளிது. சித்திரையிலும் வைகாசியிலும் ராமேஸ்வரம் போகிறவர்கள் சாமி கும்பிடுங்கள், தீர்த்தமாடுங்கள், தனுஷ்கோடி பாருங்கள், பவளத்தை விட்டுவிடுங்கள். கடல் தணிந்து தெளியும் தை மாசியில் போங்கள். படகில் ஏறும் முன், வழிகாட்டி எந்த ஊர்க்காரர் என்றும், இந்தக் கட்டணத்தில் அந்த ஊருக்கு என்ன பங்கு என்றும் கேளுங்கள். பாசி எடுத்த கை வழிகாட்டும் படகு ஒன்று கிடைத்தால் அதில் ஏறுங்கள். கிடைக்கவில்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்டு ஆட்சியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.